உடலின் பொறையும் ஊரின் பொறையும்

புத்தளக் களப்பின் ஓரத்திலே வாழ்வு நடத்துவோருக்கு இரண்டு பிராணிகள் நன்கு பழக்கமானவை. ஒன்று, கற்பிட்டிக் கடலிலிருந்து வள்ளங்களில் வந்திறங்கும் சுறா. மற்றொன்று, முந்தல் தொடக்கம் சிலாபம் வரை ஒல்லாந்தர் கால்வாயை ஒட்டி வெட்டப்பட்ட குளங்களிலே வளர்க்கப்படும் புலி இறால். சந்தையிலே இவற்றின் விலை வேறு. உயிரியலாளரின் மேசையிலே இவற்றிடையேயுள்ள வேறுபாடு விலையிலும் பெரிது. சுறாவின் செவுள்களுக்கு அண்மையிலே ஒரு மென்மையான உறுப்பு உண்டு. இறாலிடம் அது இல்லை. அதன் பெயர் தைமசு. தாடையுள்ள முதுகெலும்புப் பிராணிகளின் உடலிலே, சுறா முதல் மனிதன் வரை, அது காணப்படுகிறது. மனிதனில் அது மார்பெலும்பின் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே அமர்ந்திருக்கிறது. ஆயினும் கருவிலே அது முளைக்கும் இடம், மீனுக்குச் செவுளாகும் பகுதியை ஒத்த மடிப்பே. அங்கிருந்துதான் அது மார்புக்குள் இறங்குகிறது. கடலை விட்டுக் கரையேறிய உயிர்கள் உடன் கொணர்ந்த சீதனங்களுள் இதுவும் ஒன்று.

இறாலுக்குத் தற்காப்பே இல்லையென்று கருதலாகாது. அதன் குருதியிலும் காவற் கலங்கள் உள்ளன. பகைக்குரிய சில பொது அடையாளங்களைக் கண்டு அவை தாக்கும். ஆயின் அவ்வடையாளங்களைக் காணும் திறன் முழுவதும் மூதாதையர் வழியே பரம்பரையலகுகளில் எழுதப்பட்டு வந்தது. முன்னோர் கண்ட பகையை இறால் அறியும்; முன்னோர் காணாத பகை வந்தால் திகைத்து நிற்கும். 1996ஆம் ஆண்டிலே வெண்புள்ளி வைரசு இக்கரையை அடைந்தபோது இது கண்கூடாயிற்று. 1980களில் ஏற்றுமதிக் கனவோடு, கண்டற் காடுகளையும் உவர்ச் சதுப்புகளையும் அழித்துத் தோண்டிய குளங்களிலே, நோய் கண்ட மூன்று நாள், ஐந்து நாள், மிஞ்சினாற் பத்து நாளுள் இறால் முழுவதும் செத்தொழிந்தது. கடன் பட்டவர் கடனோடு நின்றனர். அப்படிக் கைவிடப்பட்ட குளங்களின் வரம்புகள் அக்கரையில் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி போன்ற ஒன்றை இறாலுக்குப் போட்டுக் காப்பாற்ற முடியாமற் போனதற்கும் காரணம் இதுவே: புதிய பகையைப் படித்து நினைவில் வைக்கும் கலம் அதனிடம் இல்லை.

நம் உடல் வேறொரு வழியைக் கைக்கொண்டது. என்பு மச்சையிலே பிறக்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள் தைமசுக்குச் சென்று முதிர்கின்றன. தைமசின் ஆங்கில முதலெழுத்தைக் கொண்டு அவற்றை ரீ-கலங்கள் என்பர். ஒவ்வொரு ரீ-கலமும் தன் மேற்பரப்பிலே ஒருவகை ஏற்பியைத் தாங்கியிருக்கிறது. ஏதோவொரு புரதத் துண்டு அதிலே வந்து பொருந்தும்போது கலம் விழித்தெழும். எந்தத் துண்டு பொருந்தும் என்பது கலத்துக்கே தெரியாது. பரம்பரையலகின் துண்டுகளைச் சோழிகளைப் போலக் குலுக்கி, வெட்டி, ஒட்டி, ஒவ்வொரு கலமும் தனக்கென ஓர் ஏற்பியைத் தற்செயலாக ஆக்கிக்கொள்கிறது. கோடிக்கணக்கான இத்தகைய கலங்கள் இருப்பதனால், இதுவரை உலகிலே தோன்றியிராத வைரசுக்கும் பொருந்தும் ஏற்பி எங்கோ ஒரு கலத்திடம் காத்திருக்கும். இது பெரும் ஆற்றல். ஆனால் அதே தற்செயல் நமது ஈரலுக்கும் இதயத்துக்கும் பொருந்தும் ஏற்பிகளையும் ஆக்கித் தரும். புதியதை அறியும் ஆற்றலும் தன்னையே தாக்கும் அபாயமும் ஒரே சூலில் வந்த இரட்டைப் பிள்ளைகள். முதலாவதை விரும்பிய உடல் இரண்டாவதை அடக்கவும் ஒரு வழி தேட வேண்டியதாயிற்று. அந்த வழிதான் தைமசு.

இப்பணி அறியப்பட்டது அண்மைக் காலத்திலேதான். 1961ஆம் ஆண்டிலே லண்டனில் ஜாக் மில்லர் என்னும் இளம் ஆய்வாளர், அப்போதுதான் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளின் தைமசை அகற்றிப் பார்த்தார். அவை நோய்க்கு எளிதில் இரையாயின. வேற்று எலியின் தோலை ஒட்டினால் அதை உதறித் தள்ளும் வலிமையும் அவற்றுக்கு இல்லை. அதுவரை மருத்துவம் அவ்வுறுப்பைப் பயனற்ற எச்சமென்றே பெரிதும் கருதியிருந்தது. மில்லரின் முடிவுகள் வெளிவந்த பின்னருங்கூட, தோல் ஒட்டு ஆய்விலே நோபல் பரிசு பெற்ற பீற்றர் மெடவர், தைமசிலே அக்கலங்கள் நிறைந்திருப்பது பரிணாமத்தின் தற்செயல் என்றே எண்ணினார்.

பயனற்றதென்று எண்ணியதோடு நின்றிருந்தால் தீங்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே அமெரிக்காவில் நடந்ததை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று. காரணம் புலப்படாது திடீரென இறந்த குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர், அங்கே தைமசு அளவுக்கு மீறிப் பெருத்திருப்பதாகக் கண்டனர். அது மூச்சுக் குழலை நெரித்துக் கொன்றது என முடிவு கட்டினர். வருமுன் காப்பதாக எண்ணி, நலமாயிருந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினர். ஆண்டுகள் கடந்தபின் அவர்களுட் பலருக்குத் தைரொயிட்டுப் புற்றுநோய் தோன்றிற்று. உண்மையிலே அந்தத் தைமசுகள் பெருத்தவையல்ல, இயல்பானவை. மருத்துவர் இயல்பெனக் கற்றிருந்த அளவுதான் பிழையானது. அவர்கள் மாணவராய் இருந்தபோது அறுத்துப் பயின்ற பிணங்கள் ஏழைகளுடையவை. அநாதை விடுதியிலும் தரும ஆசுபத்திரியிலும் இறந்து, எடுத்து அடக்குவாரின்றி மருத்துவக் கல்லூரிக்குச் சென்றவை. பசியும் நீடித்த பிணியும் வாட்டும்போது உடலிலே முதலிற் சுருங்கும் உறுப்புகளுள் தைமசும் ஒன்று. வறுமை சுருக்கிய உறுப்பை மனித இயல்பென எழுதிவைத்து, வயிறார உண்ட குழந்தையின் உறுப்பை நோயென அழித்தார்கள். வர்க்க வேறுபாடு பிணவறை மேசைவரை சென்று அளவுகோலையே வளைத்துவிட்ட கதை இது. உடலைப்பற்றி 'இயற்கை' என்று நமக்குச் சொல்லப்படும் ஒவ்வொன்றையும், எவருடைய உடலைப் பார்த்துச் சொல்லப்பட்டது என ஒருமுறை கேட்டுக்கொள்வது தகும்.

தைமசின் உள்ளே நடப்பதை இனி நோக்குவோம். அதைக் கற்பித்தல் என்று கூறும் வழக்கம் உண்டு, நாமும் கூறுவோம். ஆயின் அது நாம் விரும்பும் பள்ளிக்கூடமன்று. அங்கே நுழையும் ரீ-கலங்களுக்கு இரண்டு சோதனைகள் உள்ளன. உடற் கலங்கள் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டுவதற்கெனத் தம் மேற்பரப்பிலே ஒருவகைத் தட்டுகளை வைத்திருக்கின்றன. அத்தட்டைச் சற்றேனும் பற்றத் தெரியாத கலம் முதற் சோதனையிலே தவறி மடிகிறது. மேற்பட்டையிலே இச்சோதனை முடிய, எஞ்சியவை உட்பகுதிக்குச் செல்கின்றன. அங்கே சொந்த உடலின் புரதங்கள் அவற்றுக்குக் காட்டப்படும். அவற்றை இறுகப் பற்றிக்கொள்ளும் கலம், வெளியே சென்றால் அவற்றைத் தாக்கக்கூடிய கலம். அதுவும் பெரும்பாலும் அங்கேயே சாகிறது. நூறு கலங்கள் நுழைந்தால் ஐந்துகூட உயிரோடு வெளியேறுவதில்லை. நமது போட்டிப் பரீட்சைகளை வகுத்தோர் இதனைக் கேட்டால் மனம் மகிழக்கூடும்.

இரண்டாம் சோதனையிலே நெடுங்காலம் ஒரு புதிர் இருந்தது. இன்சுலின் சதையியிலே சுரக்கிறது. கண்ணின் புரதம் கண்ணிலே இருக்கிறது. மார்புக்கூட்டின் ஒரு மூலையில் அடைந்து கிடக்கும் தைமசு, எங்கோ தொலைவிலுள்ள உறுப்புகளின் புரதங்களை மாணவக் கலங்களுக்கு எங்ஙனம் காட்டும்? 1997ஆம் ஆண்டிலே இரண்டு ஆய்வுக் குழுக்கள் 'எயர்' எனப்படும் ஒரு பரம்பரையலகை இனங்கண்டன. அது பழுதடைந்த பிள்ளைகளுக்கு உடலின் காவற் படை பல உறுப்புகளை ஒருங்கே அழிக்கும் அரிய நோய் தோன்றும். பின்லாந்திலே அந்நோய் பிற நாடுகளிலும் பார்க்கச் சற்று மிகுதி. 2002ஆம் ஆண்டிலே டயான் மத்திசும் கிறிஸ்தோப் பெனுவாவும் அவர்தம் குழுவினரும் அப்பரம்பரையலகின் தொழிலை விளக்கினர். தைமசின் உட்பகுதியிலுள்ள சில கலங்கள், தமக்குத் தேவையே இல்லாத ஆயிரக்கணக்கான புரதங்களைச் சிறு சிறு அளவிலே ஆக்குகின்றன: சதையியின் இன்சுலின், தைரொயிட்டின் புரதம், கண்ணின் புரதம். 'எயர்' அதற்குத் தூண்டுகோல். தைமசினுள்ளே தசைக் கலம் போலவும் குடற் கலம் போலவும் தோற் கலம் போலவும் வேடம் புனைந்து நிற்கும் கலங்கள் உள்ளன என 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு மேலும் காட்டிற்று. உடல் முழுவதையும் ஒரு சிறு கூடத்துள் நடித்துக் காட்டும் கூத்து என்றே இதனைக் கூறலாம். நடிக்கப்படாத பாத்திரம் வெளியே பகையாகிவிடும். தைமசிலே இன்சுலினைக் குறைவாகக் காட்டும் மரபுக் கூற்றினை உடையோருக்கு, இளவயதிலே சதையியின் கலங்கள் தாக்கப்பட்டு நீரிழிவு தோன்றும் வாய்ப்பு அதிகம்.

ஆதலால், எது தன்னுடையது என்னும் அறிவு உடலுக்குப் பிறவியிலே எழுதப்பட்டதன்று. அது காட்டப்பட்டு உண்டாவது. இதனை மனிதர் முதன்முதல் கண்டது மாட்டுத் தொழுவத்திலே. 1945ஆம் ஆண்டிலே றே ஓவன் என்னும் அமெரிக்கர், ஒரே சூலில் வளர்ந்த, ஆனால் உருவொத்த இரட்டையர் அல்லாத கன்றுகளின் குருதியைச் சோதித்தார். தாயின் வயிற்றிலே அவற்றின் குருதிக் குழாய்கள் இணைந்திருந்தமையால் ஒன்றின் கலங்கள் மற்றொன்றினுள் புகுந்து, வளர்ந்த பின்னும் எதிர்ப்பின்றி வாழ்ந்திருந்தன. அயலான் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தமையால் வீட்டாள் ஆகிவிட்டான். 1953ஆம் ஆண்டிலே மெடவரும் அவர்தம் தோழர் இருவரும் இதையே சுண்டெலியிற் செய்து காட்டினர். கருவிலிருக்கும்போது வேற்றெலியின் கலங்களைப் பெற்ற குஞ்சு, வளர்ந்தபின் அவ்வெலியின் தோலைத் தன் தோலென ஏற்றது. தன்மை, பிறன்மை என்பவை பொருளினுள்ளே இருக்கும் குணங்களல்ல; சந்திப்பின் காலத்தையும் சூழலையும் பொறுத்தவை.

புத்தளக் கரையிலே நின்று இதனை எண்ணுவோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. 1344ஆம் ஆண்டிலே இலங்கையில் இறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததாகக் குறித்த பட்டினம் புத்தளமே என்பர். கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய செட்டிமார் வழியினர், கத்தோலிக்கர், தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டவர். உடப்பிலே தமிழ் மீனவர் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கின்றனர். முன்னேசுவரத்திலே தமிழரும் சிங்களவரும் ஒரே சந்நிதியில் நிற்கின்றனர். சிறாம்பியடியிலே, ஐரோப்பியர் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் சிங்களம் பேசுகின்றனர். அவர்களின் பழைய போர்த்துக்கேயக் கிரியோல் பாட்டிலே மட்டும் எஞ்சியிருக்கிறது. சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள கத்தோலிக்க மீனவர் குடும்பங்களிலோ, பாட்டி தமிழிலே செபம் சொல்ல, சிங்களப் பாடசாலையிற் படித்த பேரன் அதன் பொருளை அறியாதிருந்த தலைமுறை ஒன்று கடந்துபோயிற்று. அவர்களின் குருதியிலே எந்த மாற்றமும் நிகழவில்லை. பாடசாலையின் மொழி மாறிற்று. ஒரு குடும்பம் ஓர் இனத்தின் கணக்கிலிருந்து மற்றோர் இனத்தின் கணக்குக்குச் சென்றது. தொல்பழங் குருதியைச் சாட்சிக்கழைத்து இனப்பெருமை பேசுவோர், இரு தரப்பிலும், இக்கரையோரத்துக்கு ஒருமுறை வந்து போதல் நலம்.

இவ்வளவையும் எழுதியபின் 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தைப் பற்றி எழுதாது செல்ல நமக்கு உரிமை இல்லை. அம்மாதத்திலே தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவர்க்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வீடு, நகை, கடை, தோட்டம், தோணி யாவும் பறிபோயின. ஏறத்தாழ 75,000 மக்கள். மன்னார்ப் பகுதியினர் பலர் தோணிகளிலே கடல்வழி கற்பிட்டியில் வந்திறங்கினர். அவர்களின் தாய்மொழி தமிழ். அவர்களை விரட்டியதும் தமிழின் பெயராலே. அன்று தமிழ் அறிவுலகத்திலே வாய் திறந்தோர் சிலரே.

இங்கே ஓர் உவமை கையருகே வந்து நிற்கிறது. தன் உறுப்பைத் தானே தாக்கும் நோய் எனலாம். தைமசிலே காட்டப்படாத புரதம் எனலாம். ஒரு சமுதாயத்தின் காவற்படை பித்தேறிச் சொந்த உடலையே கடித்த கதை எனலாம். உவமை அழகானது, ஓரளவு உண்மையும் உடையது. ஆயினும் அதனை முற்றாக ஏற்றல் தகாது என்பதே நம் துணிபு. நோயிலே குற்றவாளி இல்லை. கணையச் சதையை அழிக்கும் ரீ-கலத்தை எவரும் நீதிமன்றுக்கு அழைப்பதில்லை. அதற்கு எண்ணமும் இல்லை, வேறு வழியும் இல்லை. 1990ஆம் ஆண்டின் வெளியேற்றமோ கட்டளை இடப்பட்டு நடந்தது. கட்டளையிட்டோருக்கு மனம் இருந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தோருக்கு வாய் இருந்தது. பூட்டிய வீட்டின் பொருளை எடுத்தோருக்குக் கை இருந்தது. வரலாற்றை நோயென அழைத்தால் இவர்கள் அனைவரும் நோயாளிகளாகி அனுதாபத்துக்குரியோர் ஆகிவிடுவர். அதே உவமையைத் திருப்பிப் பிடித்தால் இன்னும் கொடியது: வெளியேற்றப்படுவோர் அந்நியப் பொருள், கிருமி, களையப்பட வேண்டிய கட்டி. இனப்படுகொலை செய்தோர் எங்கெங்கும் பேசிய மொழி அதுவே. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளின் பின்னர், மே மாதத்திலே இதே புத்தள மாவட்டத்தின் கொட்டாரமுல்லையிலும் அயலிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டு, ஓர் உயிரும் பறிக்கப்பட்டபோது, அம்மொழி சிங்களத்திலே பேசப்பட்டது.

உடலிலே 'தான்', 'தானல்லாதது' என்னும் சொற்களை விஞ்ஞான வழக்காக்கியவர் அவுஸ்திரேலியரான மக்பார்லேன் பேர்னெற். தன்னைத் தாக்கும் கலங்கள் வளர்ச்சிக் காலத்திலே அழிக்கப்படுகின்றன என முன்கூட்டி ஊகித்தவரும் அவரே; அதற்காக மெடவரோடு 1960ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே பேர்னெற், 1947ஆம் ஆண்டிலே தம் நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த இரகசிய ஆலோசனையிலே, சனநெருக்கம் மிக்க ஆசிய நாடுகளுக்கு எதிராக, வெப்பமண்டல உணவுப் பயிர்களை அழிக்கவும் வெப்பமண்டலத்திலே பரவக்கூடிய தொற்றுநோய்களைப் பரப்பவும் அவுஸ்திரேலியா ஆயத்தமாதல் வேண்டும் என்று கூறியிருந்தார். அவர் இறந்து ஆண்டுகள் பல சென்றபின் அந்த ஏடுகள் வெளிவந்தன. வெப்பமண்டலத்து உணவுப் பயிர் என்றால் நமது நெல்லும் அடங்கும். உடல் தன்னைத் தான் அறியும் விதத்தை அவரைவிடத் தெளிவாகக் கண்டவர் அக்காலத்திலே எவருமில்லை. அந்த அறிவு, கடலுக்கு அப்பாலுள்ள மனிதரைத் தம்மவராய்க் காண அவருக்கு உதவவில்லை. கலத்திலிருந்து அறத்தைக் கறந்துவிடலாம் என நம்புவோர்க்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமோ?

ஆயின் உயிரியல் நமக்கு எதையும் தரவில்லையா? ஒன்றைத் தருகிறது. நாம் பெரிதும் மதிக்கும் ஒரு சொல்லை மீளவும் எடுத்துப் பார்க்குமாறு செய்கிறது. அச்சொல் பொறை. சகிப்புத்தன்மை என்று இக்காலத்தார் கூறுவர். வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே பொறுப்பவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குத் தீங்கிழைத்தவன் ஒருவனும் இருக்கிறான். தீங்கில்லாத இடத்திலே பொறைக்கு வேலை இல்லை. ரீ-கலம் ஈரலைப் பொறுத்துக்கொள்வது அவ்வகையன்று. ஈரல் எந்தத் தவறும் செய்யவில்லை. ரீ-கலம் பெருந்தன்மையோடு எதையும் மன்னிக்கவும் இல்லை. அது ஈரலை முன்னமே அறிந்திருக்கிறது, அவ்வளவே. நமது மேடைகளிலே பெரும்பான்மையோர் சிறுபான்மையோரைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஊரவர் வந்தவரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் உபதேசம் செய்யப்படுகிறது. நல்லெண்ணத்தோடுதான் செய்யப்படுகிறது. ஆனால் அந்த உபதேசத்தினுள்ளே ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருப்பதை எவரும் கவனிப்பதில்லை: அயலவன் இருப்பதே ஒரு தீங்கு, அதை நாம் தாங்கிக்கொள்கிறோம் என்பது. தோணியிலிருந்து இறங்கிய தாயும் பிள்ளையும் கற்பிட்டி மக்களுக்கு என்ன தீங்கு செய்தனர், பொறுப்பதற்கு?

உண்மையில் 1990ஆம் ஆண்டின் இறுதியிலே கற்பிட்டி, புத்தளம் மக்கள் காட்டியது பொறை அன்று. பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீட்டு முற்றங்களையும் திறந்துவிட்டனர், சமைத்துக் கொடுத்தனர். பூசல் பின்னரே வந்தது. வந்த காரணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. கற்பிட்டித் தீவக்குறை மணல் நிலம். உப்பு நீரின்மேல் மிதக்கும் ஆழமற்ற நன்னீர்ப் படலத்தையே அங்குள்ள கிணறுகள் நம்பியிருக்கின்றன. அதே நீரை வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் தோட்டங்களும் இறைத்தன. தோட்டத்து உரம் கிணற்றிலே கலந்தது. அத்தகைய மண்ணிலே பல்லாயிரம் மக்கள் ஓலைக் குடிசைகளில் வந்து நிறைந்தபோது நீரும் காணியும் கூலி வேலையும் பாடசாலையில் இடமும் போதாமற் போயின. குறைந்த கூலிக்கு உழைக்க அகதி ஆயத்தமாயிருந்தான், வேறு வழியில்லாமையால். உள்ளூர்க் கூலியாளின் கூலியும் அதனோடு இறங்கிற்று. இலாபம் தோட்ட முதலாளிக்கு. கசப்பு இரு கூலியாட்களுக்கும். இந்த நீண்ட வரலாற்றை எழுதுவதிலே தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் 2018ஆம் ஆண்டிலே காலமான புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா. வந்தோரும் இருந்தோரும் ஒரே மொழியினர், ஒரே சமயத்தினர். அப்படியிருந்தும் 'அகதி' என்னும் சொல் ஒரு சாதிப் பெயர் போலாயிற்று. புத்தளத்திலேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அது ஒட்டிற்று. உடலிலே இத்தகைய பூசல் எழாதிருப்பதற்குக் காரணம் தைமசு மட்டுமன்று. ஒரே குருதி எல்லா உறுப்புக்கும் ஓடுகிறது; குருதியை எந்த உறுப்பும் வேலியடைத்து வைத்துக்கொள்வதில்லை. பொறையைப்பற்றிப் பேசுவோர் இந்தப் பங்கீட்டைப்பற்றிப் பேசாது விடுவது வழக்கம்.

இறாற் குளக்காரர் இவ்விடயத்திலே சற்று முன்னேறியிருக்கிறார்கள். ஒருவர் குளத்திலிருந்து வெளியேற்றும் நீரையே கால்வாயிலிருந்து மற்றொருவர் தம் குளத்துக்கு எடுக்கவேண்டிய நிலை. எனவே ஒருவரின் நோய் எல்லோரின் நோய். பேரழிவுகள் பலவற்றின் பின்னர், குளங்களை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடுவது, எப்போது குளத்தைக் காயவிடுவது என ஒரு நாட்காட்டியை, நெக்டா எனப்படும் அரச அதிகாரசபையும் விவசாயிகளின் சங்கங்களும் கூடி வகுத்தன. அது குறைகளற்ற ஏற்பாடன்று, மீறுவோரும் உண்டு. ஆயினும் தைமசு இல்லாத பிராணிக்காக மனிதர் கூடிப் பேசி ஒரு காவலை ஆக்கினர். அதிலே எந்தக் குளமும் கொல்லப்படவில்லை; முறை மட்டுமே வகுக்கப்பட்டது.

நமது பாடசாலைகளுக்கு அத்தகைய நாட்காட்டி ஏதும் இல்லை. இலங்கையின் அரச பாடசாலைகளுட் பெரும்பாலானவை மொழியாலும் சமயத்தாலும் பிரிந்தே நிற்கின்றன: சிங்களப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை. இடம்பெயர்ந்தோர் வந்தபோது அவர்களின் பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலைகளும் பிற்பகல் வகுப்புகளும் தோன்றின. ஒரே மொழியும் ஒரே சமயமும் உடைய பிள்ளைகளும் காலை, மாலை என இரு வேளைகளிலே ஒரே வாங்கில் அமர்ந்தும் ஒருவரையொருவர் காணாது சென்றனர். மற்றவனைப்பற்றிப் பாடநூலிலே ஒரு பக்கம் உண்டு. மற்றவன் வகுப்பிலே இல்லை. தைமசோ பாடநூல் வைத்திருக்கவில்லை. உண்மையான இன்சுலினை, உண்மையான தசைப் புரதத்தைச் சிறிதளவேனும் தானே ஆக்கி எதிரே நிறுத்துகிறது. அது செய்யும் மற்றைய காரியத்தை, தவறியவரைக் கொல்வதை, எந்த ஆசிரியரும் பின்பற்ற மாட்டார் என நம்புகிறோம். மேலும், பசித்த குழந்தையின் உடலிலே அந்தக் கூடம் சுருங்கிப் போகிறது என்பதையும் மேலே கண்டோம்.

பருவ வயதின் பின்னர் யாவருக்கும் தைமசு மெல்ல மெல்லக் கொழுப்பாய் மாறித் தேய்கிறது. அப்படியானால் வளர்ந்தவர்க்குக் காவல் யாது? ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி 1995ஆம் ஆண்டிலே ஒருவகை ரீ-கலங்களை இனங்கண்டார். அவை சொந்தப் புரதத்தை அடையாளங் காணும் கலங்கள். தைமசின் இரண்டாம் சோதனையிலே மடிந்திருக்க வேண்டியவை. மடியாமல் வேறு பணிக்குத் திருப்பப்பட்டு வெளியேறி, தாக்க முனையும் மற்றைய கலங்களை அடக்குகின்றன. 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இதற்காக அவருக்கும் மேரி பிறன்கோ, பிறெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. கொல்லுதலைத் தவிர உடலுக்கும் வேறு வழி தெரிந்திருக்கிறது.

2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின் புத்தளத்திலிருந்து ஒரு பகுதியினர் வடக்கே திரும்பலாயினர். முசலிப் பகுதியின் மறிச்சுக்கட்டி போன்ற ஊர்களிலே அவர்களின் பழைய காணிகள் காடு மூடிக் கிடந்தன. அங்கு மீளக் குடியேறுவது வில்பத்துக் காட்டை அழிப்பதென்று தெற்கிலே கூக்குரல் எழுந்தது. ஏனையோர் புத்தளத்திலேயே தங்கினர். சிலர் ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக வாழ்கின்றனர். வாக்காளர் இடாப்பில் எங்கே பதிவது, பிள்ளையை எந்த மாவட்டத்துக் கணக்கிலே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்னும் வழக்குகள் தொடர்ந்தன. அவர்களின் பிள்ளைகளை மன்னாரிலே புத்தளத்தார் என்றும், புத்தளத்திலே மன்னாரார் என்றும் அழைப்போர் உண்டு.